டோக்கன் நைனாவும் இரண்டு விரல் குறைந்த கட்லாவும்

மீனைப் பிடித்து, அளந்து பார்த்து, "போய்ட்டு வளந்து வா" என்று மரியாதையாகச் சொல்லி, மணி அடித்துத் தண்ணீருக்குள் வழியனுப்பி வைத்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் டோக்கன் நைனா. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன்.

என் மகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வெளிநாடுகளில் ட்ரவுட் என்று ஒரு மீன் இருக்கிறதாம். அதைக் குஞ்சாக வளர்த்து ஆற்றில் கொண்டுபோய் விடுவார்களாம். தூண்டில்காரர்கள் அதைப் பிடித்து, போட்டோ எடுத்து, முத்தம் கொடுத்துத் திரும்ப விட்டுவிடுவார்களாம். எதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், எதை விட்டுவிட வேண்டும் என்பதற்குச் சட்டப் புத்தகமே இருக்கிறதாம். செல்போனில் படமும் காட்டினாள். எல்லாம் சரி. ஆனால் அந்த வெள்ளைக்காரர்களில் ஒருவராவது வெறும் பையோடு நைனாவின் வீட்டுக்காரி முன்னால் போய் நின்றிருக்கிறாரா? நைனா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நின்றார்.

"காத்தால அஞ்சு மணிக்கு மீன் புடிக்க போறாரு. சாயங்காலம் மீன நலம் விசாரிச்சிட்டு வராரு" என்று அந்த அம்மாள் சொல்வார். பிறகு ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய் அரைக்கிலோ வாங்கி வந்து குழம்பு வைப்பார். நைனா அதை ரசித்துச் சாப்பிடுவார். மீன் என்றால் அவருக்கு உயிர். அதனால்தான் எங்களுக்கு எதுவுமே புரியவில்லை.

நைனாவை நான் சுரங்கக் காலத்தில் பார்த்ததில்லை, கேள்விப்பட்டதுதான். கோலார் தங்கவயல் சுரங்கங்கள் மூடும்வரை அவருக்கு நந்திதுர்க் ஷாஃப்டில் வேலை. சுரங்கத்துக்குள் இறங்கும் அந்தக் குழியின் வாயில் நின்றுகொண்டு, கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஆட்களை எண்ணி ஏற்றுவது, மணி அடித்துக் கீழே அனுப்புவது, ஷிஃப்ட் முடிந்து வருபவர்களை எண்ணி இறக்குவது. கூண்டில் ஆள் இருக்கிறது, பார்த்து மெதுவாக விடு என்பதற்கு மூன்று மணி. இறங்குகிற ஒவ்வொருவரும் தன் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை அங்கிருக்கும் பலகையில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். மேலே வந்ததும் அதைத் தன் கையாலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். பலகையில் டோக்கன் தொங்கினால் ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். பலகை காலியாகாமல் நைனா வீட்டுக்குப் போனதே இல்லையாம்.

ஒருமுறை ஷிஃப்ட் முடிந்தும் ஒரே ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வேறு ஷாஃப்ட் வழியாக ஏறி வீட்டுக்குப் போயிருப்பான் என்று எல்லோரும் சொன்னார்கள். நைனா ஒப்புக்கொள்ளவில்லை. கத்திக் கூச்சல் போட்டு, மேலதிகாரியின் சட்டையைப் பிடிக்காத குறையாகச் சண்டை போட்டு, ஆட்களை மறுபடியும் கீழே இறக்கினார். கல் சரிந்து கால் மாட்டிக்கொண்டு அந்த ஆள் அங்கேதான் கிடந்தான். உயிரோடு தூக்கி வந்தார்கள். நைனா இந்தக் கதையை எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் "வீட்டுக்கு போயிருப்பான்னு சொன்னானுங்க" என்றுதான் முடிப்பார். முடித்துவிட்டு எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்ப்பார், என்னமோ நாங்கள்தான் அப்படிச் சொன்னதைப் போல.

சுரங்கம் மூடியபின் இரண்டு வருஷம் அவர் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தாராம். ஷிஃப்ட் மாறுகிற நேரம் வந்தால் மட்டும் எழுந்து கடிகாரத்தைப் பார்ப்பாராம். அவரை எழுப்பி வெளியே கொண்டுவந்தது ஏரிதான் என்று அவருடைய வீட்டுக்காரி ஒருநாள் என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அந்த அம்மாள் கிண்டல் செய்யவில்லை.

ஏரி, பேத்தமங்களா போகிற வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. ஒரு மீனவர் சங்கம் அதைக் குத்தகைக்கு எடுத்து, மழை முடிந்ததும் கட்லாவும் ரோகுவும் குஞ்சாக வாங்கி விடும். வாரம் முழுக்க அவர்கள் வலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பாஸ் வைத்திருக்கும் பன்னிரண்டு பேர் தூண்டில் போடலாம். சங்கத்துக்காரர்கள் கன்னடத்தில் ஒரு போர்டு எழுதி வைத்திருந்தார்கள். ஜிலேபி, கெளுத்தி மாதிரி தானாக வளர்கிற மீனை எவ்வளவு வேண்டுமானாலும் கொண்டு போகலாம். வளர்க்க விட்ட கட்லாவும் ரோகுவும் ஒன்றரை அடிக்குக் குறைந்தால் அந்த நிமிஷமே தண்ணீரில் விட்டுவிட வேண்டும். ஒன்றரை அடிக்கு மேல் இருந்தால் ஆளுக்கு இரண்டு. அவ்வளவுதான். நாங்கள் பதினோரு பேரும் அந்தப் போர்டைப் படித்துவிட்டு மறந்துவிட்டோம். நைனா படித்துவிட்டு வேலையில் சேர்ந்துவிட்டார்.

ஆமாம், அப்படித்தான் சொல்ல வேண்டும். யாரும் கொடுக்காத வேலை. சம்பளமும் இல்லை. அடுத்த ஞாயிறு வரும்போது ஒரு பலகை கொண்டுவந்தார். ஒரு முனையில் கட்டை, ஒன்றரை அடியில் ஒரு வெட்டு. மீனின் மூக்கு கட்டையில் இடிக்க வேண்டும், வால் வெட்டைத் தாண்ட வேண்டும். அதற்கடுத்த ஞாயிறு பாத்திரக் கடையில் சொல்லி நம்பர் குத்திய பன்னிரண்டு பித்தளை டோக்கன்கள் வந்தன. கரையில் இருக்கும் புங்க மரத்தில் பன்னிரண்டு ஆணி அடித்தார். அதன்பின் ஒரு சைக்கிள் மணி வந்தது.

டோக்கன் எதற்கு என்று கேட்டோம். "தண்ணி பக்கத்துல ஆளு எறங்குறான். எத்தினி பேரு எறங்கினான், எத்தினி பேரு ஏறினான்னு தெரிய வாணாமா?" என்றார். இது ஏரி, சுரங்கம் இல்லை என்று சொல்லிப் பார்த்தோம். ரெண்டிலும் மூச்சு விட முடியாது என்றார். ஆளுக்கொரு டோக்கன் வாங்கிக்கொண்டோம். எனக்கு ஏழாம் நம்பர். பன்னிரண்டாம் நம்பரை அவர் வைத்துக்கொண்டார். கடைசி ஆள் அவர்தானாம்.

அளவில் குறைந்த மீன் வந்தால் பலகையில் கிடத்துவார், பார்ப்பார், "ஷிஃப்ட் முடியல" என்பார். மூன்று மணி அடித்துவிட்டு இரண்டு கையாலும் தண்ணீரில் இறக்குவார். அது நீந்திப் போகும்வரை குனிந்தபடியே நிற்பார். வால் சரியாக வெட்டின்மேல் நின்றால் எங்கள் பார்வையில் அது குழம்பு மீன். அவர் பார்வையில் அது சந்தேகம். சந்தேகத்தின் பலன் மீனுக்குத்தான். அவர் பிடித்த மீன்களில் முக்கால்வாசி ஏனோ அந்த வெட்டின்மேலேயே வந்து நின்றன.

எங்களில் ஆண்டர்சன்பேட்டை டைலர் ஒருவர் உண்டு. பலகையை நம்ப முடியாது என்று சொந்த டேப் கொண்டுவந்தார். மீனை நீட்டமாக அளக்காமல் வயிற்றைச் சுற்றி வளைத்து வாலுக்குக் கொண்டுபோனார். ஒன்றரை அடி மட்டுமல்ல, மேலேயும் ஓர் அங்குலம் வந்தது. நாற்பது வருஷமாக அளவெடுப்பவனிடம் வந்து அளவு சொல்கிறாயா என்றார்.

"இது கட்லா. ஜாக்கெட் இல்ல. நேரா புடி" என்றார் நைனா. டைலர் மூன்று வாரம் அவரோடு பேசவில்லை. நாலாவது வாரம் நைனாவின் சட்டைக்குப் பட்டன் தைத்துக் கொடுத்துவிட்டு, பேசாததைத் தொடர்ந்தார்.

இன்னொரு தடவை பெங்களூரிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் சங்கத்தின் விருந்தாளியாக வந்தார். பளபளவென்று தூண்டில். ஒரு விரல் குறைந்த கட்லாவைப் பிடித்து, செல்பி எடுத்து, டிக்கியில் போட்டு மூடினார். நைனா போய்க் காருக்கு முன்னால் நின்றுகொண்டார். நான் யார் தெரியுமா என்று அவர் கன்னடத்தில் கேட்டார். நைனா அதே கன்னடத்தில், நீங்கள் யார் என்று தெரியாது, உள்ளே இருப்பவன் யார் என்று தெரியும், போன மழைக்கு விட்ட குஞ்சு என்றார். அதிகாரி ஐந்து நிமிஷம் ஹார்ன் அடித்துப் பார்த்தார். பிறகு இறங்கி வந்து டிக்கியைத் திறந்தார். நைனா அவரையே மணி அடிக்கச் சொன்னார். அவரும் அடித்தார், பாவம்.

இப்படியெல்லாம் ஊரைக் கட்டி மேய்த்த மனிதரைத்தான் நான் ஏமாற்றினேன்.

அந்த வருஷக் கோடையில் யாரோ ஒருவர் பையில் அளவு குறைந்த குட்டை மீன் அகப்பட்டது. சங்கத்தின் செக்ரட்டரி நேரில் வந்தார். அதிகம் பேசாதவர். இன்னொரு குட்டை மீன் இந்த ஏரியை விட்டு வெளியே போனால் பன்னிரண்டு பாஸும் ரத்து, தூண்டில் என்ற பேச்சே இருக்காது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குச் சோறு இறங்கவில்லை. வாரத்தில் ஆறு நாள் விடிவதற்கு முன் சாம்பியன் ரீப்ஸ் ஸ்டேஷனில் ரயில் ஏறி பெங்களூர் போகிறவன் நான். அங்கே ஒரு கம்பெனி ஸ்டோரில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, திரும்பி வரும்போது ரயிலில் நின்றுகொண்டே தூங்குகிறவன். எனக்கு மிஞ்சியது அந்த ஞாயிறும் அந்த ஏரியும்தான். எனக்கே இப்படி என்றால் நைனாவுக்கு எப்படி என்று யோசித்தேன். ஏரி போனால் அவர் மறுபடி கடிகாரத்தைப் பார்க்க உட்கார்ந்துவிடுவார். இதெல்லாம் தெரிந்துதான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

என் மனைவி வசந்தாவுக்குப் பித்தப்பையில் கல் என்று ஆபரேஷன் ஆகியிருந்தது. வீட்டுக்கு வந்து மூன்று வாரமாகியும் வாய் கசக்கிறது என்று ரசம் சாதத்தையே இரண்டு கவளத்தோடு ஒதுக்கிவிடுவாள். கை வளையல் முழங்கைவரை ஏறியது. எண்ணெய், காரம் கொஞ்சமாகச் சேர்க்கலாம், முதலில் சாப்பிட வையுங்கள் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். எதைக் கேட்டாலும் வேண்டாம் என்றவள், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தானாகவே வாய் திறந்தாள்.

"ஏரி கட்லா தலைய போட்டு, புளி கரைச்சி ஒரு கொழம்பு வெச்சா ரெண்டு வாயி சாப்புடுவேன் போல கீது. மார்க்கெட் ஐஸ் மீனு வாணாம்."

மறுநாள் விடிவதற்குள் நான் ஏரியில் இருந்தேன். மதியம் மூன்று மணிவரை ஒரு ஜிலேபிகூடத் தொடவில்லை. மூன்றரைக்கு இழுத்தது. கட்லா. நல்ல தலை. தூண்டில் கழியில் நான் ஒன்றரை அடிக்கு ஒரு நூல் சுற்றி வைத்திருந்தேன். வைத்துப் பார்த்தேன். இரண்டு விரல் குறைந்தது. மறுபடியும் வைத்துப் பார்த்தேன். வாலை இழுத்துவிட்டுப் பார்த்தேன். மீன் வளரவில்லை.

நைனா மரத்தடியில் டைலரோடு ஏதோ வழக்கில் இருந்தார். மீனை ஈரத் துண்டில் சுற்றி, டிபன் பைக்குள் திணித்தேன். தூண்டிலைக் கையில் எடுத்துப் போனால் தெரிந்துவிடும் என்று கரையில் குத்தியபடியே விட்டேன். டோக்கனை எடுக்க வேண்டுமென்றால் அந்த மரத்தடிக்குப் போக வேண்டும். ஒரு பித்தளை வில்லைதானே, அடுத்த வாரம் எடுத்துக்கொள்ளலாம் என்று மதகுக்குப் பின்னால் இறங்கி, கேழ்வரகுக் கொல்லை வழியாக ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் நடந்ததில்லை.

வசந்தா கட்டிலில் சாய்ந்தபடி சொல்லச் சொல்ல நானே குழம்பு வைத்தேன். கொதிக்கும்போது செல்போன் அடித்தது. திரையில் 'டோக்கன் நைனா'. மீன் விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடி அடித்தது. மூன்றாவது தடவை அடித்தபோது போனை அணைத்துவிட்டு, புளி போதுமா என்று வசந்தாவிடம் கேட்டேன்.

ஏரியில் நடந்ததை டைலர் பிற்பாடு சொன்னார். ஐந்து மணிக்கு எல்லோரும் டோக்கனை எடுத்தார்கள். ஏழும் பன்னிரண்டும் மட்டும் தொங்கின. பன்னிரண்டுக்கு உரியவர் மரத்தடியில் நிற்கிறார். ஏழு எங்கே? தேடிப் போனால் கரையில் தூண்டில் தனியாக நிற்கிறது, நூல் தண்ணீருக்குள் கிடக்கிறது, போன் அடித்தால் எடுக்கவில்லை, அப்புறம் அணைந்தும் போயிற்று. டைலர்தான் வாய் தவறிச் சொல்லியிருக்கிறார்.

"வீட்டுக்கு போயிருப்பான்."

அவ்வளவுதான். நைனா அப்படியே வேட்டியோடு தண்ணீரில் இறங்கிவிட்டார். அவருக்கு நீச்சல் தெரியாது. கழுத்தளவு தண்ணீரில் ஒரு மூங்கிலை ஊன்றிக்கொண்டு, காலால் தரையைத் துழாவி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். மற்றவர்களும் குதித்தார்கள். செக்ரட்டரிக்குச் செய்தி போய், அவர் பரிசல்காரர்களை இறக்கினார். ஒரு மணி நேரம் ஏரியையே கலக்கிவிட்டார்கள். அதன்பின் நைனா கரையேறி, என் தூண்டிலைப் பிடுங்கிக்கொண்டு, டைலரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்தார். என் மனைவிக்கு விஷயத்தைச் சொல்ல வேண்டுமே, அதை அவர்தான் சொல்வாராம்.

கதவு தட்டினது கேட்டு, குழம்புக் கையோடு போய்த் திறந்தேன். வாசலில் நைனா. தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. ஒரு கையில் என் தூண்டில். எதையோ சொல்ல வாயைத் திறந்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் தூண்டிலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பருக்கை ஒட்டிய என் வலது கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"மேல வந்துட்டியா" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். இதை எழுத எனக்கு வெட்கமில்லை. என்னைப் பெற்றவர்கள் போனபின், நான் வீடு வந்து சேர்ந்தேனா என்று அப்படிப் பதறியவர் இன்னொருவர் இல்லை.

உள்ளே வசந்தா யாரென்று கேட்டாள். நைனா எழுந்து எட்டிப் பார்த்தார். அவள் தட்டில் கட்லாத் தலை. எத்தனையோ வருஷப் பழக்கம், கண் தானாக அளந்துவிட்டது. "ரெண்டு வெரலு கம்மி" என்று முணுமுணுத்தார். வசந்தாவுக்கு ஒன்றும் புரியவில்லை. மூணு வாரம் கழிச்சு இன்னிக்குதான் வாய்க்கு ருசி தெரியுது நைனா என்றாள். அவர் அவளைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார்.

"நீ சாப்புடும்மா. வெந்தத திருப்பி உட முடியாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "சட்டைய மாட்டிக்கினு வா. ஏரியில உன்ன தேடிக்கினு கீறாங்க."

டைலர் அதற்குள் போன் செய்து, ஆள் உயிரோடு இருக்கிறான், வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று சொல்லப் போனார். நைனா விடவில்லை. டோக்கன் தொங்குகிறவரை ஆள் கீழேதான் இருக்கிறான், எவன் மாட்டினானோ அவன் வந்து எடுத்தால்தான் தேடுவதை நிறுத்த முடியும், அதுதான் சட்டம். ஆக, மூன்று பேரும் ஒரே பைக்கில் போனோம். இருட்டத் தொடங்கிய ஏரியில் அத்தனை பேரும் என்னைத் தேடித் துழாவிக்கொண்டிருக்க, நான் கையில் மீன் குழம்பு மணக்கப் போய், புங்க மரத்திலிருந்து ஏழாம் நம்பரை எடுத்தேன். நைனா மூன்று மணி அடித்தார். தண்ணீரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வைகளைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

செக்ரட்டரி அங்கேயே இருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டு, எல்லோருடைய பாஸையும் எடுத்து வரச் சொன்னார். நைனா எனக்காகப் பரிந்து பேசுவார் என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவரோ "மீனு கம்மிதான். போர்டுல எழுதினது எழுதினதுதான்" என்று தன் பாஸை முதல் ஆளாக எடுத்து நீட்டினார்.

செக்ரட்டரி பாஸை வாங்கப் போனபோது நைனா அவரைத் தாண்டி ஏரியைப் பார்த்தார்.

"உங்க ஆளுங்க எத்தினி பேரு எறங்கினாங்க?"

ஏழோ எட்டோ, எல்லோரும் கரைக்கு வந்துவிட்டார்கள் என்றார் செக்ரட்டரி.

"ஒம்போது. எட்டு பேருதான் ஏறிக்கீறாங்க. கோரை பக்கம் ஒருத்தன் போனான். அவன இன்னும் காணோம்."

அந்தக் கலவரத்திலும், கழுத்தளவு தண்ணீரில் நின்றபோதும், இந்த மனிதர் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். பரிசல்கள் திரும்பப் போயின. கோரைக்குள் பரிசல் சிக்கி, துடுப்பும் கைநழுவிப் போய், கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போன நிலையில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனைக் கரையேற்றினார்கள். செக்ரட்டரி புங்க மரத்து ஆணிகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார். பாஸை வாங்காமலேயே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை சொல்லி அனுப்பினார். பாஸ் தொடரும். சங்கத்துப் பரிசல்காரர்களுக்கும் அதே மாதிரி ஒரு டோக்கன் பலகை வேண்டும், நைனா வந்து அடித்துத் தர வேண்டும். ஏழாம் நம்பருக்கு என்ன தண்டனை என்பதையும் நைனாவே முடிவு செய்துகொள்ளலாம்.

நைனா முடிவு செய்தார். ஒரு வருஷம் நான் எந்த அளவு கட்லாவோ ரோகுவோ பிடித்தாலும் திருப்பி விட வேண்டும். அது ஆயுள் தண்டனையைவிட மோசம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஏனென்றால் அந்த வருஷம்தான் ஏரி முழுக்க என் தூண்டிலைத் தேடி வந்தது. என் வாழ்நாளிலேயே பெரிய கட்லாவை அந்த மார்கழியில் பிடித்தேன். தூக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. பலகையில் வைத்தால் வால் வெட்டைத் தாண்டி ஒரு சாண் வெளியே நின்றது. நைனாவே அசந்துவிட்டார். என்னைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், மனசு இளகுகிறது என்று நினைத்தேன்.

"நல்ல மீனு தம்பி. அடி மணிய" என்றார்.

வசந்தாவுக்கு விஷயம் தெரிந்தபோது எனக்கு விழுந்தது தனிக் கதை. ஆனால் அந்த ஞாயிறு தொடங்கி அவள் சாப்பிட்டாள். வளையல் மறுபடி மணிக்கட்டுக்கு இறங்கி வந்தது. நைனா வந்தபோதெல்லாம் அவருக்கு என்னைவிடப் பெரிய துண்டு விழுந்தது.

போன வருஷம் நைனாவுக்கு முட்டி வலி அதிகமாகி, ஹோசூரில் இருக்கும் அவர் மகள் வந்து அவரையும் வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு கைத்தடியோடு ஏரிக்கு வந்தார். பலகையை டைலரிடம் கொடுத்தார். டைலர் அழுதுவிட்டு, அழவில்லை என்று சண்டை போட்டார். சாயங்காலம் எல்லோரும் டோக்கன் எடுத்துக்கொண்டோம். பன்னிரண்டு மட்டும் தொங்கியது. அவர் அதைத் தொடாமலேயே நடக்கத் தொடங்கினார். மறந்துவிட்டார் என்று நினைத்து நான் கூப்பிட்டேன். டோக்கனை எடுத்துக்கொள்ளுங்கள் நைனா, ஆள் ஹோசூரில் இருக்கும்போது இங்கே தொங்கினால் கணக்குத் தப்பாகிவிடாதா என்றேன்.

"தொங்கட்டும் தம்பி. தொங்கினாதான நீங்க தேடிக்கினு வருவீங்க" என்றார்.

மாதத்தில் ஒரு ஞாயிறு தேடிக்கொண்டு போகிறோம். டைலர், நான், இன்னும் இரண்டு பேர், பஸ்ஸில், நல்ல கட்லா ஒன்றோடு. போனதும் அவர் மீனை அடிஸ்கேலால் அளக்கிறார், எங்கள் தலைகளை எண்ணுகிறார். அதன்பிறகுதான் உட்காரச் சொல்கிறார். புங்க மரத்தில் பன்னிரண்டாம் நம்பர் இன்னும் தொங்குகிறது. அது தொங்குகிற வரைக்கும் எங்கள் கணக்கில் அவர் ஹோசூருக்குப் போகவே இல்லை.